விலை வைக்காத பால்: ராய்க்கா ஒட்டகக்காரர்களின் கதையும் விருந்தும்

ஒட்டகத்தில் பால் கறப்பவர் உட்கார்ந்து கறப்பதில்லை. மடி அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை மடக்கி நிற்கிற முட்டியில் ஊன்றி, அந்தத் தொடைமேல் பாத்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் கறக்கிறார்கள். அதற்கு முன்னால் குட்டியை விட வேண்டும். குட்டி நாலு முட்டு முட்டிச் சப்பினால்தான் தாய் சுரப்பு விடும். விட்டபின் ஒன்றிரண்டு நிமிடந்தான் கணக்கு, அதற்குள் கறந்துவிட வேண்டும். நாலு காம்பில் இரண்டு மனிதருக்கு, இரண்டு குட்டிக்கு.

ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில், சாத்ரி ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்த வயல் ஒன்றில் நின்று ஒரு குளிர்காலக் காலையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புத் தலைப்பாகையும் வெள்ளை வேட்டியுமாக இருந்த பெரியவர் கறந்து முடித்ததும், பக்கத்துச் செடியில் ஒரு அகலமான இலையைப் பறித்து, கூம்பாக மடித்து, நுரையோடு பாலை ஊற்றி என்னிடம் நீட்டினார். இளஞ்சூடு. லேசான உப்புக் கரிப்பு. மீசையெல்லாம் நுரை. குடித்து முடிப்பதற்குள் அடுத்த தடவை ஊற்றிவிட்டார்.

கிளம்பும்போது பையிலிருந்து பணம் எடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. கூட வந்த உள்ளூர் நண்பர் என் கையைப் பிடித்து அமுக்கி, ராய்க்காக்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் ஒரு வாக்கைச் சொன்னார்: பாலை விற்பது பெற்ற பிள்ளையை விற்பதற்குச் சமம்.

ஒரு மந்தைக்காரர் பாலை விற்கமாட்டேன் என்று சொல்வது எப்படிச் சாத்தியம்? மாடு வைத்திருப்பவர், எருமை வைத்திருப்பவர் எல்லாரும் பாலை நம்பித்தானே பிழைக்கிறார்கள்? இதற்கான விடை அவர்கள் இரவில் சொல்லும் கதைகளில் இருக்கிறது. அந்தக் கதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டால், இலையில் வந்த பாலும் புரியாமல் போய்விடும்.

ராய்க்காக்கள் ராஜஸ்தானில் தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்க்கும் சமூகம். குஜராத்தில் இவர்களை ரபாரி என்கிறார்கள், ராஜஸ்தானின் சில பகுதிகளில் ரேபாரி. பெயருக்குப் பின்னால் பலர் தேவாசி என்று போட்டுக்கொள்கிறார்கள். ஜோத்பூர், பிகானேர் மன்னர்களின் ஒட்டக மந்தைகளைப் பராமரித்தவர்களும் இவர்கள்தாம். அவசரச் சேதி என்றால் ஒட்டகமேறிக் கொண்டுபோனவர்களும் இவர்களே. இன்று ஆடு வைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஆனாலும் தங்களை யாரென்று சொல்லச் சொன்னால் ஒட்டகத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

அதுவும் படைப்பிலிருந்து. பார்வதி ஒருநாள் களிமண்ணைப் பிசைந்து விளையாடிக்கொண்டிருந்தாள். விளையாட்டாக ஒரு விலங்கைச் செய்தாள், அதற்கு ஐந்து கால். இதற்கு உயிர் கொடுங்கள் என்று சிவனிடம் கேட்டாள். உருவமே சரியில்லையே, இது எப்படிப் பிழைக்கும் என்று சிவன் மறுத்தார். அவள் விடவில்லை. சரி என்று உயிர் கொடுத்தார். ஐந்து காலோடு எழுந்த பிராணியால் நடக்க முடியவில்லை. அதற்கும் வழி கேட்டாள் பார்வதி. சிவன் அந்த ஐந்தாவது காலை அப்படியே மேலே தள்ளினார். அது முதுகில் திமிலாக எழுந்தது. இதைக் கேட்டபிறகு, ஒட்டகத்தின் நெஞ்சுக்குக் கீழே இருக்கும் தடித்த தோல்மெத்தையைப் பார்த்தேன். படுக்கும்போது அது உடம்பின் பாரத்தைத் தாங்கும் பகுதி. அதைப் பார்த்தால் உள்ளே தள்ளப்பட்ட ஒரு காலின் அடி போலவே இருக்கிறது. இந்தக் கதையை முதலில் கட்டியவர் ஒட்டகத்தை எவ்வளவு நெருக்கமாகப் பார்த்திருக்க வேண்டும்!

கதை அங்கே முடியவில்லை. நடக்கக் கற்றுக்கொண்ட ஒட்டகம் ஓரிடத்தில் நிற்காமல் திரிந்து தொல்லை கொடுத்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள் பார்வதி. சிவன் தன் கையிலிருந்து கொஞ்சம் தோலையும் வியர்வையையும் உருட்டி ஒரு மனிதனைச் செய்தார். அவன்தான் முதல் ராய்க்கா.

இதில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஒட்டகம், அப்புறந்தான் மனிதன். விலங்கு மனிதனுக்காகப் படைக்கப்பட்டது என்று சொல்லும் கதைகள் உலகத்தில் நிறைய. இங்கே விலங்குக்காக மனிதன் படைக்கப்படுகிறான். அவன் உடைமைக்காரன் இல்லை, காவல்காரன். உடைமைக்காரன் என்றால் விற்கலாம், அறுக்கலாம், கூறுபோடலாம். காவலுக்கு வைக்கப்பட்டவன் அதிலிருந்து வருவதைத் தானும் உண்டு, வந்தவருக்கும் கொடுக்கலாம். அவ்வளவுதான் அவனுக்கு உரிமை. ராய்க்காக்களின் பழைய கட்டுப்பாடுகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்து கிளைத்தவை போலத்தான் எனக்குப் படுகின்றன: பெட்டை ஒட்டகத்தைச் சமூகத்துக்கு வெளியே விற்கக் கூடாது, கறிக்குக் கொடுக்கக் கூடாது, பாலை விற்கக் கூடாது.

இரண்டாவது கதை இன்னும் பெரியது. பாபுஜி என்ற ராத்தோர் குலத்து ராஜபுத்திர வீரனின் கதை அது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பது வழக்கு. இன்றைய பலோடிக்கு அருகே இருக்கும் கோலு அவர் ஊர், கோயிலும் அங்கேயே. ராய்க்காக்களுக்கு அவர் தெய்வம். ஏனென்றால் மேற்கு ராஜஸ்தானின் மார்வார் பகுதிக்கு ஒட்டகத்தைக் கொண்டுவந்தவர் அவர் என்பது நம்பிக்கை.

எப்படிக் கொண்டுவந்தார் என்பதில்தான் கதையின் அழகு. பாபுஜியின் அண்ணன் மகள் கேலம். அவளுக்கும் கோகா சௌகானுக்கும் கல்யாணம். உறவினர்கள் ஒவ்வொருவராகச் சீர் அறிவிக்கிறார்கள். பாபுஜியின் முறை வந்ததும், இலங்கையிலிருந்து பெட்டை ஒட்டகங்களைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். மார்வாரில் அதுவரை யாரும் ஒட்டகத்தைப் பார்த்ததே இல்லை. கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். கல்யாணம் முடிந்து கேலம் புகுந்த வீடு போகிறாள். நாளாகிறது, சீர் வரவில்லை. உன் சித்தப்பா தருவதாகச் சொன்ன சீர் எங்கே என்று அங்கே குத்திக்காட்டுகிறார்கள். அவள் அழுதுகொண்டே சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள்.

பாபுஜி தன் ஆட்களில் ஹர்மல் என்ற ரேபாரியை அழைத்து, இலங்கையில் ஒட்டகம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்கிறார். ஹர்மல் ஜோகித் துறவி வேடம் போட்டுக்கொண்டு தனியாகப் போகிறான், கண்டுபிடித்துத் திரும்புகிறான். அப்புறம் பாபுஜி படையோடு போய் ராவணனை வென்று, மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து கேலத்திடம் சேர்க்கிறார். சொன்ன சொல் நிற்கிறது.

இலங்கையில் ஏது ஒட்டகம் என்று நமக்குத் தோன்றும். கதையில் ஒரு தடயம் இருக்கிறது. ஒட்டகங்களோடு திரும்பும் வழியில் பாபுஜி உமர்கோட்டைக் கடக்கிறார். அங்கே சோடா குலத்து இளவரசி புல்வந்தி அவரைப் பார்த்து மனதைக் கொடுக்கிறாள். உமர்கோட் இன்று பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், தார் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. தெற்கே இருக்கும் தீவிலிருந்து வருபவர் அந்த வழியாக வர வேண்டியதே இல்லை. ஒற்றைத் திமில் ஒட்டகம் இந்தியாவுக்குள் வந்ததும் மேற்கிலிருந்துதான். இலங்கை என்ற பெயர் கதைக்குள் ராமாயணத்தின் எடையைக் கொண்டுவருகிறது, கால்தடமோ மேற்குத் திசையைக் காட்டிக்கொடுக்கிறது.

பாபுஜியின் முடிவும் ஒரு வாக்கால் வந்ததே. பாணர் குலமான சாரணர் குலத்துத் தேவல் என்ற பெண்ணிடம் கேசர் காலமி என்ற கருங்குதிரையைப் பெற்றபோது, உன் ஆநிரைக்கு ஆபத்து என்றால் வந்து நிற்பேன் என்று சொல்லியிருந்தார். புல்வந்தியோடு அக்கினியைச் சுற்றிவரும் வேளையில் அந்த அழைப்பு வருகிறது. ஜிந்தராவ் கீச்சி என்பவன் தேவலின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சுற்றை முடிக்காமலே பாபுஜி குதிரை ஏறுகிறார். மாடுகளை மீட்கிறார், போரில் உயிரை விடுகிறார்.

இந்தக் கதையைப் படிப்பதில்லை, பார்ப்பார்கள். ஏறக்குறைய 15 அடி நீளமும் 5 அடி உயரமும் கொண்ட துணியில் கதை முழுவதும் வரையப்பட்டிருக்கும். பட் என்று பெயர். வரைபவர்கள் ஷாபுரா, பில்வாரா ஊர்களின் ஜோஷி குடும்பத்தார். பாடுபவர்கள் நாயக் சமூகத்துப் போபாக்கள், அதாவது பூசாரிப் பாடகர்கள். பொழுது சாய்ந்தபின் துணியை விரித்துக் கட்டினால் அந்த இடமே கோயில். போபா ராவண்ஹத்தா என்ற தேங்காய்ச் சிரட்டை வாத்தியத்தை இழைத்துக்கொண்டு ஆடிப் பாட, அவர் மனைவி போபி எண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் வரும் காட்சிக்கு நேராக வெளிச்சம் காட்டுவாள். பட்டின் ஒரு ஓரத்தில் பத்துத் தலை ராவணன் இருப்பான். ராவணன் செய்த வாத்தியம் என்று சொல்லப்படும் ஒன்றின் வில்லாலேயே அவன் தோற்ற இடத்தைச் சுட்டிக்காட்டுவார் போபா. முழுக்கதைக்கு ஒரு இரவு போதாது. துணி நைந்துபோனால் எறியமாட்டார்கள், சடங்கு செய்து புஷ்கர் ஏரியில் விட்டுவிடுவார்கள்.

மந்தையில் நோய் விழுந்தால் பட் வைப்பதாக நேர்ந்துகொள்வது வழக்கம். ஒட்டகத்தை இளைக்க வைத்துக் கொல்லும் ஒரு ரத்த நோய்க்கு இங்கே திபர்சா என்று பெயர். மூன்று வருஷம் இழுத்துப் பிடிக்கும் நோய் என்ற பொருளில் வந்த பெயர். இன்று ஊசி மருந்து உண்டு. ஊசியும் போடுவார்கள், பாபுஜிக்கும் நேர்ந்துகொள்வார்கள். ஒன்று இன்னொன்றுக்குத் தடையில்லை.

சரி, விருந்துக்கு வருவோம். பாபுஜி கதையில் ஒட்டகம் இந்த மண்ணுக்கு வந்தது வியாபாரத்தால் அல்லவே. சீராக வந்தது. ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற, கொடுத்த வாக்கை நிறைவேற்றக் கொடுக்கப்பட்ட பொருள். கொடையாக வந்ததன் பாலும் கொடையாகவே போக வேண்டும் என்பது அந்த மக்களின் மனக்கணக்கு. காசு நீட்டியபோது பெரியவர் முகம் ஏன் மாறியது என்று எனக்கு இங்கேதான் புரிந்தது. அவர் கொடுத்ததை நான் வாங்கியதாக ஆக்கப் பார்த்தேன்.

மனக்கணக்கோடு வாழ்க்கைக் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது. ஒட்டகப் பால் லேசில் தயிராகத் தோயாது, கடைந்தால் வெண்ணெய் திரளாது. மாட்டுப் பாலைப் போல மோர், நெய் என்று சேர்த்துவைக்க வழியில்லை. குடிக்க வேண்டும், இல்லையேல் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் மந்தையோடு காட்டுக்குள் போகும் ஆண்கள் சமையல் சாமானைப் பெரிதாகச் சுமப்பதில்லை. வாரக்கணக்கில் பாலே அவர்களுக்குச் சாப்பாடு. வழியில் வருகிறவரிடம் பகிர அவர்களிடம் இருப்பதும் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. மந்தைக்காரர் எப்போதும் அடுத்தவர் நிலத்தில் இருப்பவர். அறுவடையானதும் விவசாயி தன் வயலில் மந்தையைக் கிடை போட விடுகிறார், சாணத்துக்காகத் தானியமோ பணமோ கொடுக்கிறார். ஒட்டகம் வன்னி, கருவேலம், இலந்தை, உகா என்று மரத்துக்கு ஒரு வாய் கடித்துக்கொண்டு நடந்துகொண்டே மேயும். முப்பத்தாறு வகைச் செடி கொடிகளை அது தின்னும் என்பது ராய்க்காக்களின் சொல்வழக்கு. முப்பத்தாறையும் ஒருவர் நிலத்தில் தேட முடியாது. வழிநெடுக நாலு பேர் தயவு வேண்டும். இன்று விருந்து வைப்பவர் நாளைக்கு இன்னொரு ஊர் எல்லையில் விருந்தாளி. இலையில் ஊற்றிய பால் அந்த உறவுக்கு நீர் வார்க்கிறது.

வீட்டு விருந்தின் ஒழுங்கு வேறு. வயலோரம் தள்ளித்தள்ளி இருக்கும் குடியிருப்பை டாணி என்கிறார்கள். வாசலில் காலை வைத்ததும் 'பதாரோ சா' என்று வரவேற்பு. சொல்லின் முடிவில் 'சா' சேர்ப்பது மரியாதைக்கு, நாம் 'ங்க' சேர்ப்பதுபோல. கயிற்றுக் கட்டிலில் விரிப்பைப் போட்டு உட்கார வைக்கிறார்கள். ஒட்டகப் பாலில் கொதித்த டீ வருகிறது. அப்புறம் கனத்த கம்பு ரொட்டி, அதன்மேல் குழிய நெய், ஓரத்தில் வெல்லம். கேர், சாங்கிரி என்று உலர்த்திவைத்த காய்களில் ஒரு பொரியல். சாங்கிரி என்பது வன்னி மரத்தின் காய்தான். ஒட்டகத்துக்குத் தழையைக் கொடுக்கும் மரமே மனிதருக்குக் காயும் கொடுக்கிறது. பரிமாறிய பெண்ணின் கையில் தோள்வரை வெள்ளை வளையல்கள்.

போதும் என்று சொன்னால் அங்கே போதாது. வேண்டாம் என்பவரை வற்புறுத்தி, கெஞ்சி, சில சமயம் தன் கையாலேயே ஒரு வாய் ஊட்டிவிடுவதற்கு மார்வாரியில் மனுஹார் என்று தனிச்சொல்லே இருக்கிறது. முதல் தடவை மறுப்பது விருந்தாளியின் முறை, மறுபடி வற்புறுத்துவது வீட்டுக்காரரின் முறை. இந்த ஆட்டம் தெரியாமல் முதல் வாய்ப்பிலேயே ஆமாம் என்று தட்டை நீட்டினாலும் தவறில்லை, சந்தோஷப்படுகிறார்கள். மூன்றாவது தடவையும் மறுத்தால்தான் வருத்தம்.

பெரியவர்கள் கூடும் இடங்களில் அமல் என்ற அபின் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி விருந்தாளிக்கு நீட்டும் வழக்கமும் மேற்கு ராஜஸ்தானில் பரவலாக இருந்தது. ராஜபுத்திரர், விவசாயிகள், மந்தைக்காரர் என்று எல்லாரிடமும் உண்டு. பகையாளிகள் சமாதானமாவதற்கும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் குடிப்பார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு இது குற்றம். ஆனாலும் சில கிராமங்களில் பழக்கம் முற்றிலும் விடவில்லை. அடிமைப்பட்டு அழிந்த குடும்பங்களும் உண்டு என்பதால், இதை மட்டும் அழகான மரபு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நீட்டினால் கைகூப்பி மறுத்துவிடலாம்.

இந்த வாழ்க்கைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஆண் ஒட்டகத்திலிருந்து. பெட்டைகளை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டு, வளர்ந்த ஆண் குட்டிகளைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் புஷ்கர் சந்தையில் விற்பார்கள். உழவுக்கும், கிணற்றில் நீர் இறைக்கவும், வண்டி இழுக்கவும் வாங்க ஆள் இருந்தார்கள். பாலை விலையில்லாமல் கொடுக்க முடிந்தது என்றால் அதற்குப் பின்னால் இந்த வருமானம் இருந்தது. டிராக்டரும் ரோடும் வந்தபின் அந்தத் தேவை சுருங்கியது. 1977இல் நாட்டில் சுமார் 11 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 4 லட்சம், 2019இல் இரண்டரை லட்சம். ஏழே வருஷத்தில் 37 சதவீதம் குறைவு.

மேய்ச்சலும் சுருங்கியது. மழைக்காலத்தில் வயலெல்லாம் பயிர் நிற்கும்போது மந்தைக்குக் காடுதான் கதி. சாத்ரியைச் சுற்றிய கோட்வார் பகுதி ராய்க்காக்களுக்கு அந்தக் காடு கும்பல்கட் மலைத்தொடர். அது சரணாலயமான பிறகு உள்ளே விடுவதில் ஓயாத தகராறு.

ராஜஸ்தான் அரசு 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015இல் ஒட்டகத்தை அறுக்கவும் அனுமதியில்லாமல் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகவும் தடை விதித்துச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லது, ராய்க்காக்களின் சொந்தக் கட்டுப்பாட்டோடு ஒத்துப்போவதும்கூட. ஆனால் வெளிமாநில வியாபாரிகள் புஷ்கருக்கு வருவது குறைந்து, ஆண் ஒட்டகத்தின் விலை விழுந்துவிட்டது. மந்தையிலிருந்து வந்துகொண்டிருந்த முக்கியமான காசும் நின்றது. குட்டி பிறந்தால் ஊக்கத்தொகை கொடுக்கும் அரசுத் திட்டம் உண்டு, அது மந்தையை வளர்க்கிற செலவுக்கு ஈடாகாது. காப்பாற்ற வந்த சட்டமே வளர்ப்பவரின் கையைக் கட்டிப்போட்டதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது.

மிச்சம் இருந்தது பால். 1990களின் தொடக்கத்தில் ராஜஸ்தானுக்கு வந்த ஜெர்மன் கால்நடை மருத்துவர் இல்சே கோலர்-ரோலஃப்சனும், 1996இல் சாத்ரியில் தொடங்கிய லோகஹித் பஷு பாலக் சன்ஸ்தான் அமைப்பும் ராய்க்காக்களோடு சேர்ந்து இதைத்தான் யோசித்தார்கள். பால் விற்பனைக்கு வழி பிறக்காவிட்டால் மந்தையே இருக்காது. பிள்ளையை விற்கச் சொல்கிறீர்களா என்ற கேள்வி முதலில் எழத்தான் செய்தது. 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒட்டகப் பாலுக்குத் தர அளவை வகுத்தது. 2019இல் அமுல் கட்ச் பகுதிப் பாலைப் பாட்டிலில் கொண்டுவந்தது. சாத்ரியிலும் சிறிய பால் நிலையம் ஒன்று வேலை செய்கிறது. அங்கிருந்து உறைந்த பால் தூர ஊர்களுக்குப் போகிறது.

அந்த வயலில் நான் பணத்தை நீட்டியபோது பெரியவருக்குப் பின்னால், வேலியோரம், ஒரு அலுமினியக் கேன் இருந்ததை முதலில் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பால் நிலையத்து ஆள் பைக்கில் வந்தார். பெரியவரின் மகன் பாலை லிட்டர் லிட்டராக அளந்து கேனில் ஊற்றினார், வந்தவர் நோட்டில் குறித்துக்கொண்டார். என் காசை மறுத்த அதே கையெட்டும் தூரத்தில் பால் விலைக்குப் போனது. எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது.

ஆனால் அவர்கள் செய்ததில் ஒரு வரிசை இருந்தது. முதலில் குட்டி. அப்புறம் அங்கே நின்றவர்களுக்கு இலையில், அளவில்லாமல். அதற்குப் பிறகு இருந்ததைத்தான் அளந்தார்கள். கேனை மூடப்போகும்போது சாலையிலிருந்து யாரோ இருவர் வயலுக்குள் இறங்கி வந்தார்கள். பெரியவர் மகனைக் கையமர்த்திவிட்டு, இலை பறிக்கச் செடிப் பக்கம் நடந்தார்.